சிங்கப்பூர்க் கல்லின் மேல் உட்கார்ந்தவர்கள்

சிங்கப்பூர் ஆற்று முகத்துவாரத்தில் கிடைத்து, இன்னும் யாராலும் படிக்க முடியாத பழைய கல்வெட்டான சிங்கப்பூர்க் கல்லில் இருப்பது இராஜேந்திர சோழனின் பெயர்தான் என்பதில் என் பெரியப்பாவுக்குத் துளியும் ஐயமில்லை. 2019 இறுதியில், அதில் சோழப் பட்டம் இருக்கலாம் என்ற செய்தி வந்ததிலிருந்து அவர் இதைச் சொல்லி வருகிறார். நானும் “அது அவ்வளவு எளிதில்லை, பெரியப்பா” என்று சொல்லி வருகிறேன். பொங்கல், தீபாவளி, யாராவது ஒருவரின் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுப் புதுமனை புகுவிழா என்று எந்த விருந்தானாலும் வடை ஆறுவதற்குள் பேச்சு கல்லுக்கு வந்துவிடும். வீட்டில் மற்றவர்களுக்கு அலுத்துப்போய்விட்டது. எனக்கு அலுக்கவில்லை. அவர் சொல்வதற்குச் சான்று போதாது என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட முடியாதபடி ஏதோ ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது.

அந்த ஆண்டை நினைத்துப் பாருங்கள். பிரிட்டிஷ் அதிகாரி ராஃபிள்ஸ் இங்கே வந்து இருநூறு ஆண்டு ஆனதை நாடே பேசிக்கொண்டிருந்தது. ஆற்றங்கரையில் தனியே நின்ற ராஃபிள்ஸின் வெள்ளைச் சிலைக்கு அருகில் சாங் நீல உத்தமா, டான் டொக் செங், முன்ஷி அப்துல்லா, நாராயண பிள்ளை நால்வருக்கும் சிலை வைத்தார்கள். பெரியப்பா போய்ப் பார்த்துவிட்டு வந்தார். முகம் தெளியவில்லை. “நாராயண பிள்ளை ராஃபிள்ஸோடு கப்பலில் வந்தவர். செங்கல் சூளை வைத்தார், மாரியம்மன் கோயில் கட்டினார், எல்லாம் சரி. ஆனால் வெள்ளைக்காரன் கூட்டிக்கொண்டு வந்ததால் வந்தவர். அதற்கு முன்னால் இந்த ஊரில் நமக்கு ஒன்றுமே கிடையாதா?” என்றார். அதே ஆண்டு இந்திய மரபுடைமை நிலையத்தில் தென்கிழக்காசியத் தமிழரைப் பற்றிய கண்காட்சி நடந்தது. அதையொட்டி வெளிவந்த நூலில் இயன் சின்கிளேர் என்ற ஆய்வாளர் எழுதிய கட்டுரைதான் பெரியப்பாவின் கைக்குக் கிடைத்த ஆயுதம். கல்லின் எழுத்துகளிடையே ‘கேசரிவ’ என்ற தொடரைப் படிக்க முடிவதாகவும், அது ‘பரகேசரிவர்மன்’ என்னும் சோழப் பட்டத்தின் நடுப்பகுதியாக இருக்கலாம் என்றும் சின்கிளேர் எழுதியிருந்தார். அந்த ‘இருக்கலாம்’, பெரியப்பாவிடம் வந்து சேர்வதற்குள் எங்கோ உதிர்ந்துவிட்டது.

அவரைக் குறை சொல்லவும் எனக்கு மனம் வருவதில்லை. தாத்தா திருத்துறைப்பூண்டிப் பக்கத்திலிருந்து வந்து செம்பவாங் கடற்படைத் தளத்தில் கூலி வேலை பார்த்தவர். பெரியப்பா இங்கேயே பிறந்தவர். அவருடைய பிள்ளைகள் தேசிய சேவை முடித்துப் பேரப்பிள்ளைகளும் சீருடை போடும் வயதுக்கு வந்துவிட்டார்கள். இருந்தும் டாக்சியில் ஏறினால், “இந்தியாவிலிருந்து வந்து எத்தனை ஆண்டு ஆகிறது?” என்று ஓட்டுநர் அன்பாகத்தான் கேட்பார். பெரியப்பா சுத்தமான மலாயில், “நீங்கள் எப்போது வந்தீர்கள்?” என்று திருப்பிக் கேட்பார். மீதிப் பயணம் மௌனமாகப் போகும். இப்படிப்பட்ட கேள்வியைக் காலமெல்லாம் கேட்டவருக்கு, இந்த ஊரின் மிகப் பழைய கல்லில் சோழனின் பட்டம் இருக்கிறது என்ற செய்தி எப்படி இனித்திருக்கும் என்று எனக்குத் தெரியாமலில்லை.

ஆனாலும் சான்று என்று ஒன்று இருக்கிறதே. பரகேசரி, இராஜகேசரி இரண்டும் சோழ மன்னர்கள் மாறி மாறிச் சூடிக்கொண்ட பட்டங்கள். முன்னால் இருக்க வேண்டிய எழுத்துகள் இல்லாத ‘கேசரிவ’ இரண்டில் எதற்கும் பொருந்தும்; பரகேசரியே ஆனாலும் அந்தப் பட்டம் இராஜேந்திரனுக்கு மட்டும் உரியதாக இருந்ததில்லை. இராஜேந்திரனின் மெய்க்கீர்த்தி, ‘அலைகடல் நடுவிற் பலகலம் செலுத்தி’க் கடாரத்து அரசனை வென்றதைச் சொல்லி, ஸ்ரீவிஜயம், பண்ணை, மலையூர், மாயிருடிங்கம், இலங்காசோகம் என்று ஊர்களை அடுக்கிக்கொண்டே போகிறது. சிங்கப்பூரின் பழைய பெயரான தெமாசெக்கை நினைவூட்டும் பெயர் ஒன்றும் அதில் இல்லை. சின்கிளேரின் வாசிப்பு முழுக்கச் சரி என்றே வைத்துக்கொண்டாலும், கல்லில் இருப்பது தமிழ் எழுத்து ஆகிவிடாது. ஜாவா, சுமத்ரா பக்கம் வழங்கிய கவி எழுத்து வகை என்பதுதான் பலரின் கருத்து. இதைச் சொன்னதும் பெரியப்பா, “கவி எழுத்தே பல்லவ எழுத்திலிருந்து வந்ததுதானே?” என்று மடக்கினார். வந்ததுதான். “அப்படியானால் நாம் ஆங்கிலத்தில் எழுதும் வாடகை ஒப்பந்தமெல்லாம் ரோமாபுரிக்குச் சொந்தமா?” என்று கேட்டேன். பெரியம்மா பாயசம் கொண்டுவந்து வைத்து அன்றைய சண்டையை முடித்தார்.

எல்லாருக்கும் தங்கள் எழுத்து தெரிந்த கல்

ஒரு சனிக்கிழமை அவரைத் தேசிய அரும்பொருளகத்துக்கே அழைத்துப்போனேன். கல்லை முதன்முறை பார்ப்பவர்களுக்கு ஏமாற்றமாகத்தான் இருக்கும். நாட்டின் அரும்பெரும் பொருள்களுள் ஒன்று என்று படித்துவிட்டுப் போனால், கண்ணாடிக்குப் பின்னால் இருப்பது தேய்ந்த மணற்கல் துண்டு. எழுத்து இருப்பதாகச் சொன்னால்தான் எழுத்து தெரியும். விளக்கு வெளிச்சம் பக்கவாட்டில் விழும் இடத்தில் சில வளைவுகள், வரிசையாகப் போகும் சில குழிகள். பெரியப்பா மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார், குனிந்தார், “இதில் எது கேசரி?” என்று கேட்டார். எனக்கும் தெரியவில்லை.

முழுக் கல்லைப் பார்த்தவர்கள் இருந்தார்கள் என்பதுதான் இதில் வயிறெரிய வைக்கும் செய்தி. 1819-இல் ஆற்றின் முகத்துவாரத்தில், இன்று ஃபுல்லர்ட்டன் ஹோட்டல் இருக்கும் பக்கம், காடு வெட்டும்போது வெளிப்பட்ட பாறை அது. ஏறக்குறைய பத்தடி உயரம், சுமார் 50 வரிகள். 1822-இல் பிரிட்டிஷ் அதிகாரி ஜான் கிராஃபர்ட் வந்து பார்த்துவிட்டு, எழுத்து உருண்டையாக இருப்பதால் பௌத்தர்களின் பாலி எழுத்தாக இருக்கலாம் என்று நாட்குறிப்பில் எழுதினார். டாக்டர் பிளாண்ட் என்பவர் பார்த்து எடுத்த படியைக் கல்கத்தாவில் ஜேம்ஸ் பிரின்செப் 1837-இல் வெளியிட்டார். அசோகனின் பிராமி எழுத்தை உடைத்துப் படித்த அதே பிரின்செப், அதே ஆண்டில். அவராலும் நம் கல்லைப் படிக்க முடியவில்லை. பின்னால் வந்த அறிஞர்கள் 10-ஆம் நூற்றாண்டு என்றும் 14-ஆம் நூற்றாண்டு என்றும், பழைய ஜாவா மொழி என்றும் சமஸ்கிருதம் என்றும் சொல்லிப் பார்த்தார்கள். நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் கணினிக்குப் பழைய எழுத்துகளைக் கற்றுக்கொடுத்து விடுபட்ட இடங்களை ஊகிக்க வைக்கும் முயற்சியும் நடந்திருக்கிறது.

இவர்கள் எல்லாரையும்விட எனக்குப் பிடித்த சாட்சி மலாய் எழுத்தாளர் முன்ஷி அப்துல்லாதான். தம் வாழ்க்கை வரலாற்றில் அவர் இந்தக் கல்லைப் பற்றி எழுதியிருக்கும் பக்கத்தைப் படித்தால் ஒரு திருவிழாக் கூட்டமே கண்ணுக்குத் தெரியும். ஒருவர் மாவைக் குழைத்து அப்பி அச்சு எடுக்கிறார். இன்னொருவர் எழுத்து துலங்க மை பூசுகிறார். இந்துக்கள் பார்த்துவிட்டு இது இந்து எழுத்து என்கிறார்கள், ஆனால் படிக்கத் தெரியவில்லை. சீனர்கள் சீன எழுத்து என்கிறார்கள். ராஃபிள்ஸும் அது இந்து எழுத்துத்தான் என்கிறார். அப்துல்லாவும் பாதிரியார் தாம்சனும் கூடப் போய்ப் பார்க்கிறார்கள். அப்துல்லாவின் கண்ணுக்கு அது அரபு எழுத்தின் சாயலில் தெரிகிறது! அவரவர் கண்ணுக்கு அவரவர் எழுத்து. பெரியப்பா தனியாள் இல்லை. இருநூறு ஆண்டு வரிசையில் கடைசியாக வந்து நின்றிருக்கிறார்.

அப்துல்லாவைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும். மலாக்காவில் பிறந்த அவருடைய குடும்பத்தில் தமிழ் இரத்தமும் உண்டு. கொள்ளுத்தாத்தா ஏமனிலிருந்து வந்து நாகூரில் பெண் எடுத்தவர். சிறுவனாக இருந்தபோது அப்துல்லாவைத் தந்தை தமிழ் கற்கவும் அனுப்பினார். மலாக்கா வியாபாரக் குடும்பங்களில் கணக்கு வழக்குக்காகப் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிப்பது அப்போது வழக்கமாக இருந்தது. ஆக, தமிழ் எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவர், முழுக் கல்லின் முன்னால் நின்றிருக்கிறார். இது தமிழ் என்று அவர் சொல்லவில்லை. பல நூற்றாண்டுக்கு முந்தைய கல்வெட்டைப் படிப்பது அவருடைய கணக்குத் தமிழால் ஆகிற காரியமில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். தஞ்சைப் பெரிய கோயில் அதிட்டானத்தின் முன் நிற்கும்போது இன்று நமக்கும் அதே கதிதான். ஒரே ஒரு நல்ல மைப்படி எடுத்து வைத்திருந்தால் போதும். கல்லைத் தண்ணீர் விட்டுத் தேய்த்துக் கழுவி, நனைந்த தாளை ஒட்டி, தூரிகையால் குழிகளுக்குள் பதியும்படி அடித்து, மைப்பொதியால் ஒற்றி எடுக்கும் வேலை. அப்படி ஒரு தாள் இருந்திருந்தால் பெரியப்பாவும் நானும் சண்டை போட வேறு பொருள் தேடியிருப்போம்.

கருவூலத்துத் தாழ்வாரம்

கல்லை உடைத்த கதை பள்ளியிலேயே படித்தது, விரிக்கத் தேவையில்லை. 1843 ஜனவரியில், ஃபுல்லர்ட்டன் கோட்டைப் பக்கம் இடத்தை அகலப்படுத்த, கேப்டன் ஸ்டீவன்சன் வெடிமருந்து வைத்துத் தகர்த்தார். வெடிச் சத்தத்துக்குப் பின் கர்னல் ஜேம்ஸ் லோ ஆற்றைக் கடந்து போய், எழுத்துள்ள துண்டுகளைப் பொறுக்கி, தூக்க முடிகிற அளவுக்குச் செதுக்கச் செய்து கல்கத்தாவுக்கு அனுப்பினார். 1918-இல் இங்கிருந்த அரும்பொருளகம் கேட்டுக்கொண்டதன் பேரில் ஒரு துண்டு மட்டும் கடனாகத் திரும்பி வந்தது. பெரியப்பாவும் நானும் குனிந்து குனிந்து பார்த்தது அதைத்தான்.

எனக்கு எல்லாமே புரண்டது வேறொரு துண்டைப் பற்றிப் படித்தபோது. 1848-இல் ஆளுநர் பட்டர்வொர்த், கல்கத்தா ஆசியக் கழகத்தார் கேட்டதற்குப் பதில் எழுதுகிறார். லோவிடம் இருப்பவை போக, எஞ்சிய ஒரு துண்டைக் கண்டுபிடித்துவிட்டதாகச் சொல்கிறார். எங்கே? சிங்கப்பூர்க் கருவூலத்தின் தாழ்வாரத்தில். அங்கே காவல் நின்ற சிப்பாய்களும், வேலையாக வந்து காத்திருப்பவர்களும் அதை உட்காரும் இருக்கையாகப் பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள். உடனே தம் வீட்டுக்கு எடுத்துப்போகச் சொல்லிவிட்டாராம்; ஆனால் ஐயோ, அதற்குள் எழுத்து ஏறக்குறைய அழிந்துவிட்டதாம்.

நூலகத்தில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்த நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா அடங்கிய நீரிணைக் குடியேற்றங்களின் காவலுக்கு அந்தக் காலத்தில் மதராஸ் காலாட்படைப் பிரிவுகளை அனுப்புவது வழக்கம். அந்தப் படையில் தமிழர் இருந்தார்கள், தெலுங்கர் இருந்தார்கள். ஆகவே கருவூல வாசலில் அந்தக் கல்லின் மேல் உட்கார்ந்து எழுத்தைத் தேய்த்தவர்களில் நம் ஊர்க்காரர் சிலர் இருந்திருக்கலாம். பெரியப்பா தேடும் தமிழன் கல்லின் முகத்தில் இருக்கிறானோ இல்லையோ, கல்லின் மேல் உட்கார்ந்திருக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது.

சிரிப்பு அடங்கிய பிறகும் அந்தத் தாழ்வாரம் என்னை விடவில்லை. கழுத்து வரை பொத்தான் போட்ட கம்பளிச் சட்டை, தோளில் துப்பாக்கி, மத்தியானப் புழுக்கம், காவல் மாறும் நேரம் வரவில்லை. நிழலில் ஒரு கல் கிடக்கிறது, தொட்டால் குளிர்ச்சி. யார்தான் உட்காரமாட்டார்கள்? பக்கத்தில் பற்றுச்சீட்டுக்காகக் காத்திருக்கும் யாரோ ஒரு செட்டியார், ஒரு சுலியா (தமிழ் முஸ்லிம்) படகுக்காரர், ஒரு தியோச்சியூ சீன வியாபாரி. (இவர்களை நான் கற்பனையில்தான் கூட்டிவந்து உட்கார வைத்தேன், ஆளுநர் வெறுமனே ‘காத்திருப்பவர்கள்’ என்கிறார்.) இத்தனை காலமாகப் பெரியப்பாவும் நானும் ஒரு மன்னனின் பட்டத்தில் பாதியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தோம். இந்த ஊருக்கு வந்த நம்மவர் எப்படிப்பட்டவர்கள் என்ற கேள்விக்கு அந்தத் தாழ்வாரத்தில்தான் நேரான பதில் கிடைக்கிறது என்று எனக்குப் பட்டது. செயிண்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயச் சுவரைப் பூசிய இந்தியக் கைதிகள், படகுத்துறையில் மூட்டை தூக்கியவர்கள், என் தாத்தா: எல்லாரும் அந்தச் சிப்பாய் வரிசை.

பெரியப்பாவிடம் சொன்னேன். லிட்டில் இந்தியாப் பக்கத் தேக்காவில் காலைச் சாப்பாடு, தோசை வந்திருந்தது. அவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். “இதைப் போய்ப் பெருமையாகச் சொல்கிறாயே, அம்மா. கல்வெட்டின் மேல் உட்கார்ந்து அழித்தோம் என்று ஊருக்குச் சொன்னால் நம்மை யார் மதிப்பார்கள்? அரசன் பெயர் இருந்தால்தான் மதிப்பு.” அதற்கு நான் சட்டென்று பதில் சொல்லவில்லை. மதிப்பைப் பற்றி அவர் சொன்னது பாதி உண்மை என்று எனக்கும் தெரியும்.

அரசன் பெயருக்கும் ஒரு சங்கடம் உண்டு என்பதை மட்டும் நினைவூட்டினேன். மலாய் வரலாற்று நூலான செஜாரா மெலாயுவில் பாடாங் என்ற பலசாலியின் கதை வருகிறது. கலிங்க நாட்டு அரசன் (மலாய்க்காரர் நம் பக்கத்தைக் கலிங்கம் என்றுதான் சொல்வார்கள்), நாடி விஜய விக்கிரமன் என்ற தன் மல்லனை ஏழு கப்பல்களோடு சிங்கபுரத்துக்கு அனுப்புகிறான். அரண்மனை முன் கிடந்த பாறையை நம்மவன் முழங்கால் வரை தூக்கிப் போட்டுவிடுகிறான். பாடாங் அதைத் தூக்கி ஆற்று முகத்துவாரத்துக்கு எறிகிறான். 1834-லேயே பெக்பி என்ற அதிகாரி, அந்தப் பாறைதான் இந்தக் கல் என்று ஊகித்தார். கதையின் முடிவு எனக்கு மிகவும் பிடிக்கும்: பாடாங் இறந்த செய்தி கேட்டு, தோற்ற அதே கலிங்க அரசன் அவன் கல்லறைக்கு நினைவுக்கல் செய்து அனுப்புகிறான். “நம்மவன் தோற்ற கதையை அவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள்” என்றார் பெரியப்பா. கல் அனுப்பிய பகுதி அவர் காதில் விழவில்லை.

பாரூஸில் ஒரு கட்டண அறிவிப்பு

மதிப்பு வேண்டும் என்றால் வேறு கற்கள் இருக்கின்றன. ஊகமே தேவைப்படாதவை. தாய்லாந்தின் குலோங் தோமில் கிடைத்த பொற்கொல்லனின் உரைகல் ஒன்றில் ‘பெரும்பதன் கல்’ என்று தமிழ் பிராமியில் எழுதியிருக்கிறது. உரைகல் யாருடையது என்பதைத் தவிர வேறெதையும் அது சொல்லவில்லை. தகுவாபாவில் 9-ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு, குளம் வெட்டி அதை மணிக்கிராமத்தார் என்னும் வணிகக் குழுவின் காவலில் விட்ட செய்தியைச் சொல்கிறது. சீனத்துச் சுவான்சௌவில் 1281-இல் தமிழில் ஒரு கல்வெட்டு. இலங்கையின் காலி நகரில் சீனத் தளபதி செங் ஹோ நாட்டிய, 1409 என்று தேதியிட்ட கல்லில் சீனம், தமிழ், பாரசீகம் என மூன்று மொழி.

எல்லாவற்றிலும் எனக்கு நெருக்கமானது சுமத்ராவின் பாரூஸ் அருகே லோபு துவாவில் கிடைத்த 1088-ஆம் ஆண்டுக் கல். நட்டவர்கள் திசையாயிரத்து ஐஞ்ஞூற்றுவர் என்னும் வணிகர் கூட்டம். உள்ளடக்கத்தைப் பார்த்தால் துறைமுகக் கட்டண அறிவிப்புப் போலவே இருக்கிறது: கப்பலின் தலைவனும் அவன் ஆட்களும் கஸ்தூரி விலையை அளவாக வைத்துக் கணக்கிட்ட பொன்னைச் செலுத்திவிட்டுத்தான் உள்ளே காலடி வைக்க வேண்டும். ஊரைப் பிடித்ததாகவோ பகைவரைப் புறங்காட்ட வைத்ததாகவோ அதில் பேச்சே இல்லை. கட்டணத்தைச் சொல்லி, அறத்தை மறக்காதீர்கள் என்ற வேண்டுகோளோடு முடித்துவிடுகிறார்கள். படையெடுத்து வந்து போன மன்னனைவிட, கடையைத் திறந்து உட்கார்ந்து, பாக்கி வைத்தவனிடம் வசூலித்த இந்த ஐஞ்ஞூற்றுவர்தான் சிங்கப்பூர்த் தமிழரின் கடைத்தெருவான சிராங்கூன் சாலைக்கு உண்மையான முன்னோர் என்று நான் வாதிடுவேன். இராஜேந்திரனின் கடாரப் படையெடுப்பு 1025-இல் வந்தது, போனது. வணிகர் கூட்டம் அதன் பிறகும் கல் நட்டுக்கொண்டிருந்தது.

இதையெல்லாம் சொல்லி முடித்தபோது பெரியப்பா காப்பியை ஆற்றிக்கொண்டிருந்தார். “சரி, பாரூஸ் பாரூஸிலேயே இருக்கட்டும். அது சிங்கப்பூர் இல்லையே” என்றார். நியாயம்தான். ஆகவே நான் கடைசியாக ஒன்று கேட்டேன். நாளைக்கே ஒரு கணினியோ ஓர் ஆய்வாளரோ இந்தக் கல்லை முழுக்கப் படித்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். அது பழைய ஜாவா மொழியில் ஒரு ஜாவா அரசனின் ஆணை, சோழனுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்று தெரிந்துவிட்டால் என்ன சொல்வீர்கள்?

பெரியப்பா ஒரு கணமும் யோசிக்கவில்லை. “ஆணை ஜாவாக்காரன் போட்டிருக்கலாம், அம்மா. ஆனால் உளி பிடித்துக் கொத்தியவன் யார் என்று அதில் எழுதியிருக்கிறதா?”